கல் நீக்காத எடை

எங்கள் சங்கத்தின் வெள்ளிவிழா மலரில் ஓஸ்வால் ஜைன சமூகத்தின் தோற்றம் பற்றிய கட்டுரையை எழுதியவன் நான்தான். பெயர் போட்டிருக்கிறார்கள். டை கட்டிய புகைப்படமும் இருக்கிறது. அதன் முதல் பத்தி பொய். தெரியாமல் எழுதியிருந்தால் இன்று இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். தெரிந்தே எழுதினேன்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தாத்தா ராஜஸ்தானில் பாலி மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து மதராசுக்கு ரயிலேறியவர். சௌகார்பேட்டையில் சொந்தக்காரர் கடையில் பெருக்கி, தண்ணீர் பிடித்து, பேரேடு எழுதப் பழகி, பிறகு வட ஆற்காட்டுப் பக்கம் ஒரு ஊரில் தனியாக அடகுக்கடை போட்டார். ஊருக்கு நாங்கள் சேட்டு வீடு. நான் தமிழ் மீடியத்தில் படித்தவன். பாட்டியோடு மார்வாடி, கடையில் தமிழ், கோயிலில் அர்த்தம் தெரியாத பிராகிருதம் என்று மூன்றிலும் வளர்ந்தேன். எனக்கு வியாபாரத்தைவிடப் புத்தகம் பிடிக்கும். அதனால் சங்கத்தில் "படிச்ச ஆளு" என்று ஒரு பெயர். அந்தப் பெயரால் வந்த வினைதான் இது.

அந்த முதல் பத்தியில் நான் எழுதியது இது: பகவான் மகாவீரர் நிர்வாணம் அடைந்து 70 ஆண்டுகள் கழித்து, அதாவது கி.மு. 457இல், ஆச்சாரிய ரத்னபிரப சூரி மார்வாடில் உள்ள ஓசியான் நகரத்தின் மன்னர் உபல்தேவையும் க்ஷத்திரியர்களையும் ஜைனர்களாக்கினார். அன்று முதல் இன்று வரை கலப்பில்லாமல் வரும் தூய ரத்தம் நம்முடையது. ஹிந்தியில் எழுதினேன். "தூய ரத்தம்" என்ற இடத்தைத் தடித்த எழுத்தில் போட்டார்கள். அப்படிப் போடச் சொன்னது நான் இல்லை. போட்டபோது வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

எனக்குத் தெரிந்திருந்தது வேறு. ஜோத்பூரிலிருந்து வடக்கே அறுபது கிலோமீட்டருக்குச் சற்று மேலே போனால் ஓசியான். இன்று மணல்மேடும் ஒட்டகச் சவாரியுமாக ஒரு சின்ன ஊர். ஆனால் அங்கே நிற்கும் கோயில்களைப் பார்த்தால் ஒரு காலத்தில் அது எப்பேர்ப்பட்ட வணிக நகரம் என்பது புரியும். மகாவீரர் கோயிலில் 956ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. பிரதிகார அரசன் வத்சராஜன் காலத்திலேயே அந்தக் கோயில் இருந்தது என்கிறது. வத்சராஜன் எட்டாம் நூற்றாண்டுக்காரன். ஓசியானில் கல்லில் நிற்கும் ஜைனம் அங்கேதான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய பன்னிரண்டு நூற்றாண்டுக்கு எங்கள் கையில் இருப்பது கதை. கதையிலும் ஒரே தேதி இல்லை. சாதுக்களின் குருபரம்பரைப் பட்டியலான பட்டாவளி கி.மு. 457 என்கிறது. வம்சாவளி பாடும் பாணர்கள் விக்கிரம ஆண்டு 222, அதாவது கி.பி. 165 என்கிறார்கள். வரலாற்று ஆசிரியர்கள் எட்டாம் நூற்றாண்டுக்கு முன்னால் போகத் தயங்குகிறார்கள். மூன்று தேதியையும் எழுதிவிட்டு, முதல் இரண்டும் நம்பிக்கை, மூன்றாவது ஆராய்ச்சி என்று ஒரு வரி போட்டிருந்தால் போதும். முதல் வரைவில் அப்படித்தான் போட்டிருந்தேன்.

இதைவிடப் பெரிய தப்பு ரத்தம் பற்றி எழுதியது. கதையை அப்படியே நம்பினால்கூட அதில் தூய ரத்தம் எங்கே வருகிறது? பாட்டி சொன்ன கதை இது. பின்மாலிலிருந்து வந்த ராஜகுமாரன் அமைத்த ஊர் ஓசியான். ராஜாவின் பிள்ளையைப் பாம்பு கடித்துவிடுகிறது. (சிலர் மருமகன் என்பார்கள், சிலர் மந்திரியின் மகன் என்பார்கள்.) பாடையில் வைத்துத் தூக்கிப் போகும்போது சூரியின் அருளால் உயிர் வருகிறது. ராஜா பொன்னும் மணியும் கொட்டுகிறார். சூரி தொடவில்லை. "ஹிம்சையை விடு, அது போதும்" என்கிறார். ராஜா மாறினார், ஊரும் சேர்ந்து மாறியது. ஊர் மொத்தமும் மாறியது என்றால் அந்த ஊரில் ராஜபுத்திரர் மட்டுமா இருந்திருப்பார்கள்? செக்கு ஆட்டியவர், உப்பு விற்றவர், கணக்கு எழுதியவர், பூசை செய்தவர் எல்லோரும் எங்கே போனார்கள்? எல்லோரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்து, பெண் கொடுத்துப் பெண் எடுக்கவைத்து, 18 கோத்திரமாகப் பிரித்தார் என்பதுதானே கதையின் உயிர்?

அதோடு நிற்கவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கரதர கச்சம் என்ற துறவியர் பிரிவின் ஜினதத்த சூரி வந்து மேலும் பல குடிகளைச் சேர்த்தார். எங்கள் தாதா குருக்களில் முதல்வர் அவர். சௌஹான்களிலிருந்து வந்தவர்கள், ராட்டோர்களிலிருந்து வந்தவர்கள் என்று ஒவ்வொரு கோத்திரத்துக்கும் ஒரு கதை. பட்டப்பெயரைக் கேட்டாலே பாதி தெரிந்துவிடும். கருவூலம் பார்த்தவர் பண்டாரி, களஞ்சியம் பார்த்தவர் கோட்டாரி, தன் செலவில் ஊரைத் திரட்டி யாத்திரை அழைத்துப் போனவர் சிங்வி. நூற்றாண்டுக் கணக்கில் ஆள் சேர்த்துச் சேர்த்துப் பெருகிய கூட்டம் இது. இது எனக்குத் தெரியும்.

மனிதர் என்ன, தெய்வத்தையே மாற்றிச் சேர்த்துக்கொண்டவர்கள் நாங்கள். ஓசியான் குன்றின் மேல் இருந்தவள் சாமுண்டா. நவராத்திரிக்கு எருமை கேட்பவள். ஊர் ஜைனமானதும் அவளுக்குப் பலி நின்றுபோயிற்று, கோபம் வந்தது. ரத்னபிரப சூரி அவளோடு பேசி, கோதுமை ரவையில் நெய்யும் வெல்லமும் சேர்த்த லாப்சிக்கு அவளைச் சம்மதிக்க வைத்தாராம். அன்றிலிருந்து அவள் சச்சியாய் மாதா, எங்கள் குலதெய்வம். மலைப்படி ஏறினால் வளைவு வளைவாகத் தோரணங்கள். குழந்தைக்கு முதல் முடி இறக்க இன்றும் அங்கேதான் போகிறோம். இறக்கியதும் இருட்டுவதற்குள் ஊரை விட்டுக் கிளம்பிவிடுவோம். ஓஸ்வால் ராத்திரி ஓசியானில் தங்கக் கூடாது, அது தேவியின் சாபம் என்பார்கள். பிறந்த ஊரில் தங்க முடியாததால்தான் மதராஸ் வரை வந்தோம் என்று அப்பா வேடிக்கையாகச் சொல்வார்.

இத்தனையும் முதல் வரைவில் இருந்தது. மலர்க்குழுவின் தலைவர் ஒரு பெரியவர். மண்டபம் கட்டப் பெரிய தொகை கொடுத்தவர். வரைவைப் படித்துவிட்டு அவர் கோபப்படவில்லை, திட்டவில்லை. "எல்லாம் சரி, விழா மலருக்கு இவ்வளவு சந்தேகம் எதுக்கு?" என்று கேட்டார். அவ்வளவுதான். மூன்று தேதியில் இரண்டை நானே அடித்தேன். ஊர் மொத்தமும் மாறியதை எடுத்துவிட்டு க்ஷத்திரியர் மாறினார்கள் என்று வைத்தேன். மேவாரின் ராணா பிரதாபுக்குத் தன் செல்வத்தைக் கொடுத்த பாமாஷா கட்டுரையில் இருந்தார். நாகௌரிலிருந்து போய் வங்காளத்தின் கஜானாவையே கையில் வைத்திருந்த ஜகத் சேட் குடும்பமும் இருந்தது. 1757இல் பிளாசிப் போருக்கு முன்னால் கிளைவோடு சேர்ந்து நவாபைக் கவிழ்த்ததில் அந்த வீட்டுக்கு இருந்த பங்கு மட்டும் காணாமல் போயிற்று. யாரும் கேட்காமலே அதை எடுத்தவன் நான். ஒரு தடவை அடிக்கத் தொடங்கினால் கை தானாகப் போகிறது.

எங்கள் கடையில் ஒரு கம்மல் வந்தால் மொத்த எடை போட்டு, கல்லுக்கும் அரக்குக்கும் கழித்து, நிகர எடையைச் சீட்டில் எழுதாமல் பணம் கொடுக்க மாட்டோம். குலத்தின் கதைக்கு மட்டும் கல், அரக்கு, அழுக்கு எல்லாவற்றையும் சேர்த்துத் தங்கம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

கூலி கிடைத்தது. அந்த வருடப் பர்யூஷணத்தில் எனக்கு முன்வரிசை. எட்டு நாள் விரதத்தின் நடுவில் கல்பசூத்திரத்தில் மகாவீரர் பிறப்பைப் படிக்கும் நாள் ஒன்று உண்டு. திரிசலா தேவி கண்ட பதினான்கு கனவுகளையும் வெள்ளியில் செய்து, மேலிருந்து ஒவ்வொன்றாக இறக்குவார்கள். எந்தக் கனவுக்கு யார் மாலை போடுவது என்பதற்கு ஏலம். ஏலம் ரூபாயில் இல்லை, மணங்கு நெய்யில். மணங்குக்கு இவ்வளவு ரூபாய் என்று சங்கம் வைத்த கணக்கு தனியாக இருக்கும். லட்சுமி கனவுக்குக் கூட்டம் எப்போதும் ஏறும். "நூற்றி ஒன்று மணங்கு… நூற்றி ஐம்பத்தொன்று…" என்று மைக்கில் கூவும்போது, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீரை மட்டும் குடித்து எட்டு நாள் பட்டினி கிடக்கும் பெண்கள் சுவரோரமாகச் சாய்ந்திருப்பார்கள். அவர்களில் ஒருத்திக்கும் முன்வரிசை கிடையாது. பெரியவர் ஏலத்தில் வென்று எழுந்தபோது என்னையும் கைப்பிடித்துக் கூட்டிப்போய் மாலையைத் தொடவைத்தார். பெருமையாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

இத்தோடு போயிருந்தால் மலர் பரணுக்குப் போயிருக்கும், பொய்யும் போயிருக்கும். போகவில்லை.

என் அண்ணன் மகள் சென்னையில் ஆடிட்டர் ஒருவரிடம் ஆர்ட்டிகிள்ஸ் செய்துகொண்டிருந்தாள். எங்கள் வழக்கத்தில் அப்பாவின் தம்பி காகா. பள்ளியில் தோழிகள் சிரிப்பார்கள் என்று சின்னதிலிருந்தே என்னைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவாள். அந்த ஆபீசில் சாயந்திரம் ஐந்தரைக்கு எல்லோரும் டீக்கும் பஜ்ஜிக்கும் போகும்போது இவள் மட்டும் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறப்பாள். பொழுது சாய்ந்தபின் சாப்பிடக் கூடாதே! ஒரு நாள் பார்த்தால் எதிர் மேசையிலும் ஒருவன் டப்பா திறக்கிறான். புளியோதரை. வெங்காயம் இல்லை, பூண்டு இல்லை. "நீங்களும் ஜைனா?" என்று இவள் கேட்டாளாம். "நாங்கதான் ஜைன். நீங்க எப்போ வந்தீங்க?" என்றானாம் அவன்.

வந்தவாசிப் பக்கத்துப் பையன். நயினார் வீடு. அப்பா பள்ளி ஆசிரியர், கொஞ்சம் நிலம். மேல்சித்தாமூர் மடத்தைச் சேர்ந்த திகம்பரர்கள். நாங்கள் ஸ்வேதாம்பரர்கள். எங்கள் பர்யூஷணம் முடிகிற சமயத்தில் அவர்களுடைய பத்து நாள் தொடங்கும். எங்கள் சாமிக்குக் கண் பதித்து அலங்காரம் உண்டு, அவர்கள் சாமிக்கு ஒன்றும் கிடையாது. இருபத்து நான்கு தீர்த்தங்கரரும் ஒன்று, நவகார மந்திரமும் ஒன்று.

இருவரும் கல்யாணம் செய்துகொள்ள விரும்பினார்கள். அண்ணன் சங்கத்துப் பெரியவர்களிடம் யோசனை கேட்கப் போனான். கேட்காமலும் இருந்திருக்கலாம், சட்டப்படி அவர்களுக்கு ஓர் அதிகாரமும் இல்லை. ஆனால் எங்களில் அப்படிக் கேட்காமல் யாரும் பெண் கொடுப்பதில்லை. பீசாவா தசாவா என்று ஓஸ்வாலுக்குள்ளேயே தரம் பார்த்த சமூகம் இது. இருபதுக்கு இருபது இருந்தால் பீசா, பத்துதான் என்றால் தசா. விதவையை மணந்தவன் வழி என்று ஒரு காலத்தில் சொந்த ஜாதிக்காரனையே பாதியாகக் குறைத்தவர்கள். மண்டபத்துக்குப் பின்னால் உள்ள அறையில் வெள்ளை மெத்தை, திண்டு. நானும் போயிருந்தேன். அண்ணன் பேசி முடித்ததும் பெரியவர் அலமாரியிலிருந்து மலரை எடுத்தார். எச்சில் தொடாமல் பக்கம் புரட்டினார். தடித்த எழுத்து வந்ததும் விரலை வைத்தார்.

"இரண்டாயிரத்து நானூறு வருஷம். உன் தம்பியே எழுதியிருக்கான். படிச்சவன். இதை எங்கிருந்தோ வந்த ஆளுங்களோட கலக்கச் சொல்றியா?"

பிறகு என்னைப் பார்த்தார். "என்னப்பா, தப்பா சொல்றேனா?"

சொல்ல வேண்டியது வாய் வரைக்கும் வந்தது. எங்கிருந்தோ வந்த ஆட்கள் நாம்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். மதுரைக்குப் பக்கத்தில் மாங்குளம் மலையில் சமணத் துறவிகளுக்கு வெட்டிக் கொடுத்த கற்படுக்கைகள் இருக்கின்றன. அவற்றின் தமிழிக் கல்வெட்டுகள் கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று ஐராவதம் மகாதேவன் கணித்தார். கொடுத்தவர்களில் வெள்ளறை ஊர் நிகமத்தார், அதாவது வணிகக் குழுவினர், இருக்கிறார்கள். அழகர்மலைக் குகையில் உப்பு வணிகன், அறுவை வணிகன், கொழு வணிகன் என்று மதுரைக் கடைத்தெருவே பெயர் வெட்டி வைத்திருக்கிறது. நாம் ஓசியானில் எட்டாம் நூற்றாண்டைத் தேடிக்கொண்டிருக்கிறோம். இங்கே அதற்கு ஏறக்குறைய ஆயிரம் வருடம் முன்பே வணிகர் சமணத் துறவிக்குக் கல்லைச் செதுக்கிக் கொடுத்துவிட்டார்கள். நம் வீட்டில் ஒருத்தி முப்பது நாள் விரதம் இருந்தால் பேண்டு வைத்து ஊர்வலம் விடுகிறோம். செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் சந்திரநந்தி ஆசிரிகர் 57 நாள் உண்ணாமல் இருந்து உயிர் விட்டதைப் பாறையில் சுருக்கமாக வெட்டியிருக்கிறார்கள். அந்தப் பாறையிலிருந்து சில மைல் தள்ளித்தான் அந்தப் பையனின் மாமா வீடு.

இது எதையும் சொல்லவில்லை. "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றேன்.

பயம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. காரணம் இருந்தது. என் மகனுக்கு அப்போது சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். பெண் பெரியவரின் மைத்துனர் பேத்தி. ஜோத்பூரில் நல்ல குடும்பம், கைத்தறித் துணி ஏற்றுமதி. பெரியவர் ஒரு வார்த்தை சொன்னால் முடியும், ஒரு வார்த்தை சொன்னால் முறியும். அந்த மெத்தையில் உட்கார்ந்திருந்தபோது நான் கணக்குத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். எனக்குப் பழக்கமான வேலை.

அந்தச் சம்பந்தம் நல்லபடியாக முடிந்தது. மருமகள் நல்ல பெண், வீட்டில் எல்லோருக்கும் பிடிக்கும். செய்த தப்புக்குத் தண்டனை வந்ததாகக் கதைகளில் படித்திருக்கிறேன். எனக்கு அப்படி எதுவும் வரவில்லை.

அண்ணன் மகள் அன்று இரவே போன் செய்தாள். அழவில்லை. "ஓசியான் கதையை எனக்கு முதல்ல சொன்னது நீங்கதானே, சித்தப்பா? ஊரே மாறிச்சுன்னு சொன்னீங்களே?" என்றாள். சின்ன வயதில் மத்தியானத்தில் கடையில் கூட்டம் இல்லாதபோது கல்லாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னதுதான். "மலருக்காக அப்படி எழுத வேண்டியதாப் போச்சும்மா" என்றேன். "சரி" என்று வைத்துவிட்டாள்.

பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். பிறகு அவன் ஊர் ஜினாலயத்தில் எளிமையாக ஒரு பூசை. அண்ணன் போகவில்லை. என் மனைவி போனாள். நான் கடையைத் திறக்க வேண்டும் என்றேன். அன்று எங்கள் கடைக்கு வார விடுமுறை. அது மனைவிக்கும் தெரியும்.

சம்வத்சரிப் பிரதிக்கிரமணத்தில் ஒவ்வொரு வருடமும் உட்கார்கிறேன். செய்த பிழைகளையெல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்கும் சடங்கு அது. மூன்று மணி நேரத்துக்கு மேல் போகும். இல்லறத்தானின் வாய்மை விரதத்துக்கு ஐந்து மீறல்கள் சொல்லியிருக்கிறது. அதில் ஒன்று கூடலேகம், பொய்யாக எழுதுவது. பெரும்பாலானவர்களுக்கு அது வாயில் ஓடும் ஒலி. எனக்கு அர்த்தம் தெரியும். வாணிபக் குலம் என்பதால் பொய்ப் பத்திரம், பொய்க் கணக்கு எழுதுவதைத்தான் அப்படிச் சொன்னார்கள் என்று ரொம்ப நாள் எனக்கு நானே வாதாடிக்கொண்டேன். அடகுக் கடையில் நான் பொய்ச் சீட்டு எழுதியதில்லை, அது உண்மை. சடங்கு முடிந்ததும் எல்லோரும் எல்லோரையும் கும்பிட்டு "மிச்சாமி துக்கடம்" சொல்வோம். பெரியவர் என்னைக் கும்பிடுவார், நான் அவரைக் கும்பிடுவேன். அண்ணன் மகளிடமிருந்து போனில் செய்தி வரும். கைகூப்பிய படம் ஒன்றை அனுப்புவேன். பொதுவில் எல்லோருக்கும் அனுப்பும் அதே படம். இன்ன பிழைக்கு மன்னித்துவிடு என்று ஒரு தடவையும் எழுதியதில்லை.

போன வருடம் மலரை மறுபதிப்புப் போட்டார்கள். திருத்தம் இருந்தால் சொல்லுங்கள் என்று குழுவிலிருந்து எனக்குப் பிரதி வந்தது. புதுக் குழு, பையன்கள். தாராளமாகச் செய்திருக்கலாம், கேட்டிருந்தால் அவர்கள் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். இரண்டு கோத்திரப் பெயர்களில் எழுத்துப்பிழை இருந்தது. அவற்றைத் திருத்தினேன். பாமாஷா படத்துக்குக் கீழே இருந்த வாசகத்தைச் சரிசெய்தேன். முதல் பத்தியைப் படித்தேன். பெரியவர் உடல்நலம் இல்லாமல் படுத்திருந்தார், அவர் இருக்கும்வரை இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது. தடித்த எழுத்தை மட்டும் சாதாரண எழுத்தாக்கச் சொன்னேன். அச்சகத்தில் மறந்துவிட்டார்கள். நான் நினைவூட்டவில்லை.

இதையும் நான் தமிழில்தான் எழுதுகிறேன். எங்கள் சங்கத்துப் பெரியவர்கள் தமிழ் நன்றாகப் பேசுவார்கள், வட்டிக்குப் பேரம் பேசுவார்கள், கோபம் வந்தால் திட்டவும் திட்டுவார்கள். படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அது தெரிந்துதான் எழுதுகிறேன். ஹிந்தியில் எழுதிச் சங்கத்துப் பலகையில் ஒட்டும் அளவுக்கு எனக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை. அண்ணன் மகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். அவள் கணவனுக்கும் தெரியும்.